செல்டிக்ஸா, லேக்கர்ஸா? நேற்றையும் நாளையையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பாஸ்டன் செல்டிக்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் என்ற இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கிறது. புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும் பல வருடமாகப் பார்ப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எழுதியது 2025-26 சீசன் தொடங்கும் முன். அதற்குப் பிறகு நடந்தவை இதில் இல்லை.

30 டீம் இருக்கு, ஏன் எல்லாரும் இந்த ரெண்டைப் பத்தியே பேசுறாங்க?

கோப்பைகள்தான் காரணம். செல்டிக்ஸ் 18, லேக்கர்ஸ் 17. 1947 முதல் 2025 வரை வழங்கப்பட்ட 79 பட்டங்களில் 35 இந்த இரண்டு அணிகளிடம் இருக்கின்றன. மூன்றாவது இடத்தில் இருக்கும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வென்றது 7 மட்டுமே.

இன்னொரு காரணம் 1980கள். 1979 கல்லூரி ஃபைனலில் எதிரெதிரே ஆடிய மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் அதே ஆண்டு ஆளுக்கொரு அணியாக, ஒருவர் லேக்கர்ஸுக்கும் மற்றவர் செல்டிக்ஸுக்கும் வந்து சேர்ந்தார்கள். அப்போது என்பிஏவின் நிலைமை எப்படி என்றால், 1980 ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தை அமெரிக்காவின் பல பகுதிகளில் நேரடியாகக்கூடக் காட்டவில்லை. இரவு செய்திக்குப் பிறகு பதிவாகப் போட்டார்கள். அந்த ஆட்டத்தில்தான் முதல் வருட வீரர் மேஜிக், காயத்தில் இருந்த கரீம் அப்துல்-ஜபாருக்குப் பதிலாக சென்டராக (கூடைக்கு அருகே நிற்கும் உயரமானவரின் இடத்தில்) இறங்கி 42 புள்ளி எடுத்தார். அந்தப் பத்தாண்டில் லேக்கர்ஸ் 5, செல்டிக்ஸ் 3 பட்டம். லீக்கைத் தூக்கி நிறுத்தியதே இந்தப் போட்டிதான்.

லேக்கர்ஸ் 17 என்பது ஏமாத்துக் கணக்கு இல்லையா? அதுல அஞ்சு வேற ஊர்ல ஜெயிச்சது!

ஆமாம், முதல் ஐந்தும் (1949, 1950, 1952, 1953, 1954) மினியாபொலிஸில் வென்றவை. அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது 1960இல்தான். ஆனால் அணி அதேதான், லீக்கும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. அதை ஏமாற்று என்றால், செல்டிக்ஸ் கணக்கிலும் கை வைக்க வேண்டியிருக்கும். பில் ரஸ்ஸல் 13 சீசன்களில் 11 பட்டம் வென்றார். அவர் தொடங்கியபோது லீக்கில் இருந்தவை 8 அணிகள்.

என்னைக் கேட்டால் 1970ஐக் கோடாக வைத்துப் பார்ப்பேன். அதற்கு முன் செல்டிக்ஸ் 11, லேக்கர்ஸ் 5. அதற்குப் பின் லேக்கர்ஸ் 12, செல்டிக்ஸ் 7. இரண்டு தரப்பு ரசிகர்களும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் சொல்வார்கள்.

இவ்வளவு பெரிய பகைன்னா ஏன் சீசனுக்கு ரெண்டே மேட்ச் ஆடுறாங்க?

செல்டிக்ஸ் கிழக்குப் பிரிவு, லேக்கர்ஸ் மேற்குப் பிரிவு. 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் எதிர்ப் பிரிவு அணிகள் ஒவ்வொன்றுடனும் இரண்டு ஆட்டம்தான். சீசனுக்குப் பின் நடக்கும் வெளியேற்றச் சுற்றான ப்ளேஆஃபிலும் பிரிவுகள் தனித்தனி. ஆகவே இவர்கள் கோப்பைக்காக மோத வேண்டுமானால் அது ஃபைனலில் மட்டுமே நடக்கும்.

நேருக்கு நேர் ஃபைனல்ல யார் கை ஓங்கியிருக்கு?

12 முறை மோதியதில் செல்டிக்ஸ் 9, லேக்கர்ஸ் 3. முதல் ஏழையும் (1959, 1962, 1963, 1965, 1966, 1968, 1969) வரிசையாக செல்டிக்ஸே வென்றது. 1969இல் ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில். வெற்றி கொண்டாட்டத்துக்காகக் கூரையில் பலூன்களை முன்கூட்டியே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். செல்டிக்ஸ் 108-106. தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்கு ஃபைனலின் சிறந்த வீரர் விருது கொடுத்தார்கள். தோற்ற அணிக்கு அந்த விருது போனது அந்த ஒரே தடவைதான்.

லேக்கர்ஸ் அந்தச் சங்கிலியை அறுத்தது 1985இல். அப்புறம் 1987, 2010. நடுவே 1984லும் 2008லும் செல்டிக்ஸ் வென்றது.

இந்தப் பழைய கதைக்கும் அடுத்த அஞ்சு வருஷத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆடுகளத்தில் ஒன்றுமே இல்லை. கோப்பை எண்ணிக்கையை வைத்து எதிர்காலம் சொல்வது வெறும் ரசிகர் சண்டை. பெரிய பெயருக்கு ஒரே ஒரு பலன் உண்டு. நட்சத்திர வீரர்கள் அங்கே போக விரும்புவார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு அந்த ஈர்ப்பு அதிகம். ஷகீல் ஓ'நீல் 1996இலும் லெப்ரான் ஜேம்ஸ் 2018இலும் தாங்களாகவே தேர்ந்தெடுத்து வந்தவர்கள். செல்டிக்ஸ் பெரும்பாலும் டிராஃப்டிலும் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது, மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை) டிரேடிலும் (அணிகளுக்குள் வீரர் பரிமாற்றம்) கட்டிய அணி. இந்த வித்தியாசம் கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

2024-25இல் செல்டிக்ஸ் 61 வெற்றி, லேக்கர்ஸ் 50. 11 மேட்ச்தானே வித்தியாசம்?

வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சராசரியாக எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்கிறார்கள் அல்லது தோற்கிறார்கள் என்று பாருங்கள். செல்டிக்ஸ் ஓர் ஆட்டத்துக்கு சுமார் 9 புள்ளி கூடுதலாக எடுத்தது. லேக்கர்ஸுக்கு அந்த வித்தியாசம் ஒரு புள்ளியை ஒட்டியே இருந்தது. கடைசி நிமிடம்வரை இழுபறியாகப் போன ஆட்டங்களை லேக்கர்ஸ் நிறைய வென்றது. அப்படி வெல்வதில் திறமை கொஞ்சம், அதிர்ஷ்டம் நிறைய. அடுத்த வருடமும் அது கூடவே வரும் என்று நம்ப முடியாது.

அதே சீசனில் ஓக்லஹோமா சிட்டி தண்டரின் சராசரி வித்தியாசம் 12.9 புள்ளி, என்பிஏ வரலாற்றிலேயே அதிகம். அவர்கள் முறியடித்தது 1971-72 லேக்கர்ஸ் வைத்திருந்த சாதனையை. தண்டர் 68 ஆட்டம் வென்று கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது. ஓர் அணியைப் பற்றி ஒரே ஒரு எண்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

அப்படின்னா ப்ளேஆஃப்ல செல்டிக்ஸ் நியூயார்க்கிடம் ஏன் தோத்தது?

முதல் இரண்டு ஆட்டங்களிலும் 20 புள்ளி முன்னிலை எடுத்துவிட்டுத் தோற்றது. முதல் ஆட்டத்தில் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டுகளை 60 முறை எறிந்து 45ஐத் தவறவிட்டார்கள். ப்ளேஆஃபில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் அத்தனை தவறவிட்டதே இல்லை. 2024-25 செல்டிக்ஸ்தான் ஒரு சீசன் முழுக்க இரண்டு புள்ளி முயற்சிகளைவிட மூன்று புள்ளி முயற்சிகளை அதிகம் செய்த முதல் அணி. 82 ஆட்டங்களில் அந்த முறை லாபம் தரும். ஒரு கெட்ட இரவில் ஆளைக் கவிழ்த்துவிடும். அப்புறம் நான்காவது ஆட்டத்தில் அணியின் முதன்மை வீரர் ஜேசன் டேட்டமின் காயம். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

ரெண்டு டீமோட எதிர்காலத்தை ஒப்பிடணும்னா முதல்ல எதைப் பார்க்கணும்?

மூன்று பட்டியல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கிய வீரர்களின் வயது. அவர்களது ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, சம்பளம் எவ்வளவு. அடுத்த ஏழு வருடத்தின் முதல் சுற்று டிராஃப்ட் பிக்குகளில் (தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளில்) எவை கையில் இருக்கின்றன, எவை அடுத்தவரிடம் போயிருக்கின்றன. ஏழு என்பதற்குக் காரணம், அதற்கு மேற்பட்ட வருடத்தின் பிக்கை விற்க விதி அனுமதிப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு வருட முதல் சுற்றுப் பிக்குகள் ஒன்றுமே இல்லாமல் போகிற மாதிரி விற்கவும் கூடாது.

டிவி விவாதங்களில் இந்த மூன்றும் அவ்வளவாக வராது. நேற்று யார் 40 புள்ளி எடுத்தார் என்பதுதான் வரும். என் அனுபவத்தில் அணிகளின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இந்தப் பட்டியல்களில் இரண்டு வருடம் முன்பே எழுதியிருக்கும்.

சரி, அந்தக் கணக்கை இந்த ரெண்டு டீமுக்கும் போட்டுக் காட்டுங்க.

லேக்கர்ஸ்: லூகா டான்சிச்சுக்கு 26 வயது. 2025 ஆகஸ்டில் 3 வருடம், 16.5 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஆஸ்டின் ரீவ்ஸுக்கு 27. அவர் 2026லேயே ஒப்பந்தத்தை விட்டு வெளியே வரலாம். லெப்ரானுக்கு 40. அவரது 5.26 கோடி டாலர் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. 2027இன் முதல் சுற்றுப் பிக் (முதல் நான்கு இடத்துக்குள் வராவிட்டால்) யூட்டாவுக்கும், 2029இன் பிக் டல்லஸுக்கும் போக வேண்டியவை.

செல்டிக்ஸ்: டேட்டமுக்கு 27, ஜேலன் பிரவுனுக்கு 29 ஆகப்போகிறது, டெரிக் ஒயிட்டுக்கு 31. டேட்டமின் ஒப்பந்தம் 5 வருடம், 31.4 கோடி டாலர். பிரவுனின் ஒப்பந்தம் சுமார் 28.5 கோடி, 2028-29இல் முடிகிறது. 2029இன் பிக் போர்ட்லண்டுக்குப் போகிறது. 2028இல் சான் அன்டோனியோ தன் பிக்கைக் கொடுத்துவிட்டு செல்டிக்ஸின் பிக்கை எடுத்துக்கொள்ளலாம்.

பார்த்தீர்களா, லேக்கர்ஸிடம் ஒரே ஒரு உறுதியான தூண், சுற்றிலும் காலி இடம். செல்டிக்ஸிடம் இடமே இல்லை, ஆனால் ஆட்கள் நெடுங்காலத்துக்கு உறுதி. ஒப்பீட்டின் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடுகிறது.

சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்குன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி எல்லா டீமும் அதைத் தாண்டுது?

என்பிஏவின் உச்சவரம்பு இறுக்கமான வரம்பு அல்ல. 2025-26க்கு அது சுமார் 15.46 கோடி டாலர். ஆனால் ஓர் அணி தன் சொந்த வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்ய வரம்பைத் தாண்டலாம். அந்தச் சலுகையைப் பேர்ட் உரிமை என்கிறார்கள், செல்டிக்ஸின் அதே லாரி பேர்ட் பெயரில். 18.79 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி. தொடர்ந்து தாண்டுபவர்களுக்கு வரி விகிதமும் ஏறும்.

உண்மையில் கடிக்கும் விதி அதற்கும் மேலே, 20.78 கோடியில் இருக்கிறது. லீக்கும் வீரர் சங்கமும் 2023இல் செய்த ஒப்பந்தத்தில் வந்த இந்தக் கோட்டை செகண்ட் ஏப்ரன் என்கிறார்கள். அதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை டிரேடில் வாங்க முடியாது. டிரேடில் பணம் கொடுக்க முடியாது. ஏழு வருடம் தள்ளி இருக்கும் முதல் சுற்றுப் பிக்கை விற்க முடியாதபடி முடக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் அந்தப் பிக் முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். பணக்கார முதலாளி வரியைக் கட்டிவிடுவார். ஆனால் அணியை மாற்றியமைக்கும் வழிகளே அடைபட்டால் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2024இல் கோப்பை வாங்கின டீமை செல்டிக்ஸ் ஏன் ஒரே வருஷத்துல கலைச்சது? பைத்தியமா?

முந்தைய பதிலைப் படித்துவிட்டு இதைப் பாருங்கள். அதே அணியை 2025-26க்கும் வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரை எட்டும் என்று கணக்கிட்டார்கள். டேட்டம் ஆடாத ஒரு வருடத்துக்கு அந்தச் செலவு யாருக்கும் நியாயமாகத் தோன்றாது. ஆகவே ஜ்ரூ ஹாலிடே போர்ட்லண்டுக்கு, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லான்டாவுக்கு. லூக் கோர்னட் சான் அன்டோனியோவிலும், ஆல் ஹார்ஃபோர்ட் கோல்டன் ஸ்டேட்டிலும் சேர்ந்துவிட்டார்கள். அணி செகண்ட் ஏப்ரனுக்குக் கீழே வந்தது.

கவனியுங்கள், போனவர்களில் மூன்று பேர் கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்கள். இந்த சீசனில் செல்டிக்ஸ் அடி வாங்கினால் அது ரீபவுண்டில்தான் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதில்) தொடங்கும். ஆனால் டேட்டம், பிரவுன், ஒயிட், பேட்டன் பிரிட்சர்ட் ஆகிய நால்வரையும் விடவில்லை. இதைக் கலைத்தல் என்று சொல்லக்கூடாது, ஒரு வருடத்தை விட்டுக்கொடுத்து அடுத்த மூன்றை வாங்குவது. எனக்கு இது சரியாகவே படுகிறது.

டேட்டம் திரும்பி வந்தா பழையபடி ஆடுவாரா?

2025 மே 12, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். 42 புள்ளி எடுத்து ஆடிக்கொண்டிருந்தவர் யார் கையிலும் இல்லாத ஒரு பந்தைப் பிடிக்கக் காலை உதைத்துக் கிளம்பியதும் சரிந்துவிட்டார். குதிகால் தசைநார் முழுதாக அறுந்துபோயிருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. அதே ப்ளேஆஃபில் டேமியன் லில்லார்டுக்கும் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கும் இதே காயம். மூவரும் அணிந்த ஜெர்சி எண் 0 என்பதை வைத்து ரசிகர்கள் ஏதேதோ கதை கட்டினார்கள், அதை விடுங்கள்.

முன்னுதாரணங்கள் இரு பக்கமும் உண்டு. கோபி பிரையன்ட்டுக்கு 2013இல், 34 வயதில் இது நடந்தது, அதன் பின் பழைய கோபி வரவில்லை. கெவின் டுரான்ட்டுக்கு 2019இல், 30 வயதில். ஒரு முழு சீசனை விட்டுவிட்டு வந்து சராசரி 27 புள்ளி எடுத்தார். டேட்டமுக்கு வயது 27, அது சாதகம். அவர் வேகத்தை மட்டும் நம்பி ஆடுபவர் அல்ல, உயரமும் ஷாட்டும் இருக்கின்றன, அதுவும் சாதகம். இருந்தாலும் 2025-26ஐ மறந்துவிட்டு, 2026-27இல் அவரை எடைபோடுவதே நியாயம்.

லூகாவை லேக்கர்ஸ் சும்மா தூக்கிட்டு வந்துட்டாங்களே, அது எப்படி?

2025 பிப்ரவரி தொடக்கத்தில் நடந்த அந்த டிரேடை முதலில் யாருமே நம்பவில்லை. செய்தியாளரின் கணக்கு ஹேக் ஆகிவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். ஐந்து வருடம் தொடர்ந்து லீக்கின் முதல் ஐவரில் இடம்பெற்ற, முந்தைய வருடம் டல்லஸை ஃபைனலுக்குக் கொண்டுபோன 25 வயது வீரர். பதிலுக்குப் போனது முக்கியமாக ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029இன் முதல் சுற்றுப் பிக். டல்லஸ் நிர்வாகம் சொன்ன காரணம் தடுப்பாட்டம்.

ஆனால் 'சும்மா' என்பது சரியில்லை. நூலைப் பின்னால் பிடித்துக்கொண்டு போனால், 2016இலும் 2017இலும் லேக்கர்ஸ் படுமோசமாக ஆடி இரண்டாவது பிக்கில் பிராண்டன் இங்கிராமையும் லான்சோ பாலையும் எடுத்தது. 2019இல் அவர்களையும் கூடவே பல பிக்குகளையும் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து டேவிஸை வாங்கியது. டேவிஸ் 2020 கோப்பைக்கு உதவினார், 2025இல் லூகாவாக மாறினார். தோல்வி வருடங்களில் கிடைத்த இரண்டு பிக்குகள் எட்டு வருடம் கழித்து இப்படி வந்து முடிந்திருக்கின்றன.

டிராஃப்ட் பிக்னா வெறும் லாட்டரிச் சீட்டுதானே, அதுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

லாட்டரிச் சீட்டுதான். ஆனால் அடுத்தவர் பணத்தில் வாங்கிய சீட்டு என்றால்? 2013இல் செல்டிக்ஸ், 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்து 2014, 2016, 2018 முதல் சுற்றுப் பிக்குகளையும் 2017இல் இடம் மாற்றும் உரிமையையும் வாங்கியது. புரூக்ளின் ஒரே ஒரு ப்ளேஆஃப் தொடரை வென்றுவிட்டுச் சரிந்தது. 2016 பிக் மூன்றாவது இடமாக வந்தது, அதில் ஜேலன் பிரவுன். 2017இல் புரூக்ளின் லீக்கிலேயே கடைசி, முதல் பிக் செல்டிக்ஸுக்கு. அதே சீசனில் செல்டிக்ஸ் 53 ஆட்டம் வென்று கிழக்கில் முதலிடம்! முதல் பிக்கை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாவதற்கு இறங்கி, கூடவே இன்னொரு முதல் சுற்றுப் பிக்கும் வாங்கிக்கொண்டு எடுத்தவர்தான் டேட்டம்.

அந்த இரண்டு வருடமும் செல்டிக்ஸுக்கு ஓர் இடம் முன்னால் தேர்ந்தெடுத்தது லேக்கர்ஸ். பிரவுன், டேட்டம் இருவரையுமே அவர்கள் எடுத்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் லேக்கர்ஸ் ரசிகர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனால் அவர்கள் எடுத்தவர்களும் வீண்போகவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

அப்போ வேணும்னே தோத்து முதல் பிக் வாங்கிடலாமே?

முதல் பிக் யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாகிறது. 2019இலிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் அது கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். 2025இல் 17 வெற்றி, 65 தோல்வி என்று மிக மோசமாக முடித்த யூட்டாவுக்குக் கிடைத்தது ஐந்தாவது பிக். முதல் பிக் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லஸுக்கு. லூகாவை அனுப்பிவிட்டு ரசிகர்களிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்த அணிக்கு கல்லூரி நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக் வந்து சேர்ந்தார். தோற்பது திட்டமாக இருக்கலாம், உத்தரவாதம் ஆகாது.

லெப்ரான் போயிட்டா லேக்கர்ஸ் கதை முடிஞ்சுதா?

இல்லை. அணி ஏற்கெனவே லூகாவைச் சுற்றித்தான் யோசிக்கிறது. லெப்ரானின் சம்பளம் கணக்கிலிருந்து இறங்கினால் பெரிய வீரரை வாங்க இடம் கிடைக்கும். லாஸ் ஏஞ்சலஸின் ஈர்ப்பு வேலைக்கு வருவது அப்போதுதான்.

உடனடிச் சிக்கல் சென்டர் இடம். 2025 பிப்ரவரியில் மார்க் வில்லியம்ஸை வாங்கி, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அந்த டிரேடை ரத்து செய்தார்கள். விளைவு ப்ளேஆஃபில் தெரிந்தது. மினசோட்டாவுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் கோச் ஜேஜே ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும் ஒரே ஐந்து பேரை மாற்றாமல் ஆடவிட்டார். கடைசிப் பகுதியில் கால்கள் ஓயவே ஆட்டம் கைவிட்டுப் போனது. அடுத்த ஆட்டத்தில் மினசோட்டாவின் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட். தொடர் 4-1. கோடையில் டியாண்ட்ரே ஏய்ட்டனை எடுத்தது இதற்காகத்தான். அவர் மூன்று மாதம் ஒழுங்காக ஆடுவார், ஏழு மாதம் ஆடுவாரா என்பதில் எனக்குச் சந்தேகம்.

ரெண்டு டீமையும் புது முதலாளிங்க வாங்கிட்டாங்களே, ஏதாவது மாறுமா?

செல்டிக்ஸை 2002இல் 36 கோடி டாலருக்கு வாங்கிய குழு, 2025இல் பில் சிசோம் தலைமையிலான குழுவுக்கு 610 கோடி மதிப்பில் விற்றது. லேக்கர்ஸின் பெரும்பங்கை பஸ் குடும்பத்திடமிருந்து மார்க் வால்டர் வாங்கும் ஒப்பந்தம் சுமார் 1,000 கோடி மதிப்பில், 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 1979இலிருந்து அணி அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது.

வீரர்களுக்கான செலவில் செகண்ட் ஏப்ரன் குறுக்கே நிற்பதால் பெரிய மாற்றம் இருக்காது. மாறக்கூடியது வரம்பே இல்லாத செலவுகள்: புது வீரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள், மருத்துவக் குழு, தரவு ஆய்வு. வால்டர் ஏற்கெனவே டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியில் இவற்றுக்குத் தாராளமாகச் செலவழிப்பவர். இந்த விஷயத்தில் லேக்கர்ஸுக்கு லாபம் அதிகம் என்று நினைக்கிறேன்.

தண்டர் இருக்கும்போது இவங்க ரெண்டு பேரும் எதுக்கு? அடுத்த பத்து வருஷம் தண்டர்தானே?

பட்டியல்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2025இல் வென்றபோது ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு 26, ஜேலன் வில்லியம்ஸுக்கு 24, செட் ஹோம்கிரனுக்கு 23. ஷேவும், ஜேலனை எடுக்கப் பயன்பட்ட பிக்கும் 2019இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்த ஒரே டிரேடில் வந்தவை. அந்தக் கணக்கில் 2026இன் கிளிப்பர்ஸ் பிக் இன்னும் பாக்கி.

ஆனாலும் 'நிச்சயம்' என்று சொல்ல மாட்டேன். இதே தண்டர் 2012இல் டுரான்ட் (23), வெஸ்ட்புரூக் (23), ஹார்டன் (22) மூவரோடும் ஃபைனலுக்குப் போனது. மூவருமே பின்னால் லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கினார்கள். ஒருவர்கூட அந்த அணிக்காகக் கோப்பை வாங்கவில்லை. சம்பளக் கணக்கில் ஹார்டனை அதே அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள், 2016இல் டுரான்ட் போய்விட்டார். 2025 தண்டருக்கு முன் அவ்வளவு இளம் அணி கோப்பை வென்றது 1977இல் போர்ட்லண்ட். அவர்கள் அடுத்த சீசனை 50 வெற்றி, 10 தோல்வி என்று தொடங்கினார்கள், பில் வால்டனின் பாதம் உடைந்தது. போர்ட்லண்ட் அதற்குப் பிறகு இன்றுவரை வெல்லவில்லை.

இப்போதைய மூவருக்கும் 2025 கோடையில் பெரிய நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது. ஷேவுக்கு மட்டும் 4 வருடம், 28.5 கோடி டாலர். ஜேலனுக்கும் ஹோம்கிரனுக்கும் புதுச் சம்பளம் 2026-27இல், ஷேவுக்கு 2027-28இல் தொடங்குகிறது. 2024க்குப் பின் செல்டிக்ஸ் சந்தித்த அதே சுவரை இவர்களும் சந்திப்பார்கள். கையில் உள்ள பிக்குகளால் அதைக் கொஞ்சம் லேசாகத் தாண்டலாம், அவ்வளவே. 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு வேறு அணிகள் வென்றிருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க: செல்டிக்ஸா, லேக்கர்ஸா?

2025-26இல் லேக்கர்ஸ், யோசிக்காமல். 2026-27, 2027-28 இரண்டிலும் டேட்டம் முக்கால் பங்கு திரும்பினாலே போதும், நான் செல்டிக்ஸ் பக்கம். தடுக்கவும் எறியவும் தெரிந்த நான்கு பேர் ஒப்பந்தத்தில் இருப்பது சாதாரணமில்லை, கிழக்குப் பிரிவும் மேற்கைவிட எளிது. 2028க்குப் பின் லேக்கர்ஸ். அப்போது பிரவுனுக்கும் ஒயிட்டுக்கும் வயதாகியிருக்கும், லூகா அப்போதுதான் 30ஐத் தொடுவார். அவர் தங்குவார் என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன். நீட்டிப்பின் கடைசி வருடம் அவர் விருப்பம், 2028லேயே வெளியே வரலாம்.

ரெண்டு பேரும் மறுபடி ஃபைனல்ல மோத வாய்ப்பு இருக்கா?

கடைசி மோதல் 2010. ஏழாவது ஆட்டத்தில் கோபி 24 முயற்சியில் 6 மட்டுமே போட்டார், 15 ரீபவுண்ட் எடுத்தார், லேக்கர்ஸ் 83-79 என்று தப்பியது. அதன் பிறகு ஒருவர் எழும்போது மற்றவர் விழுந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

அடுத்த வாய்ப்பு 2027 அல்லது 2028 ஃபைனல். அதற்கு டேட்டம் குணமாக வேண்டும், லேக்கர்ஸ் 2026 கோடையில் கிடைக்கும் சம்பள இடத்தைத் தடுப்பாட்டக்காரர்களுக்குச் செலவழிக்க வேண்டும், மேற்கில் தண்டரையும், 21 வயது விக்டர் வெம்பன்யாமாவை வைத்திருக்கும் சான் அன்டோனியோவையும் தாண்ட வேண்டும். இந்த மூன்றில் எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பது மூன்றாவதில்.